மஞ்சள் தாள் – அத்தியாயம் 6: ஒன்பது பேர் இருந்த அறை

(சென்ற வாரம்: 1944 நவம்பர் 8. வேப்பேரியில் வக்கீல் நண்பரைப் பார்த்துவிட்டுக் கை ரிக்‌ஷாவில் புரசைவாக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் கிசுகிசுப் பத்திரிகையான 'இந்து நேசன்' நடத்திய லட்சுமிகாந்தன். ஜெனரல் காலின்ஸ் சாலையில் ரிக்‌ஷா மறிக்கப்பட்டது. கத்தி பாய்ந்தது.)

குத்தியவர்கள் ஓடி மறைந்தார்கள். குத்துப்பட்டவர் அங்கேயே விழுந்துவிடவில்லை. ரத்தம் வழிய வழிய, சற்று முன் விடைபெற்று வந்த வக்கீல் வீட்டுக்கே நடந்து திரும்பினார். பதறிப்போன நண்பர், துணைக்கு ஒருவரைச் சேர்த்து ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். போகிற வழியில் வேப்பேரி போலீஸ் நிலையம். வண்டியை நிறுத்தச் சொன்னார் லட்சுமிகாந்தன். முதலில் புகார், பிறகுதான் ஆஸ்பத்திரி என்று பிடிவாதம் பிடித்தார். உடம்பில் கத்திக் காயத்தோடு, நடந்ததை விவரமாகச் சொல்லிப் பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினார்.

காயத்தின் ஆழம் அப்போது யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் நவம்பர் 9, விடிவதற்குள் உயிர் பிரிந்தது.

அதோடு அவர் நடத்திய மஞ்சள் தாளின் கதையும் முடிந்தது என்று அன்று பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். கோடம்பாக்கம் இன்னும் கோடம்பாக்கமாகாத காலம் அது. ஆனாலும் சென்னை, சேலம், கோயம்புத்தூர் ஸ்டுடியோக்களில் அவருடைய பேனாவுக்குப் பயப்படாதவர்கள் குறைவு. நடிகர்கள், நடிகைகள், முதலாளிகள், மிராசுதார்கள், வியாபாரிகள் என்று அவர் எழுதியவர்களின் பட்டியல் நீளமானது. போலீஸ் அந்தப் பட்டியலில் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்பட்டிருக்கலாம்.

ஆனால் சில வாரங்களில் அவர்கள் போய் நின்றது, தமிழ்நாடே கொண்டாடிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் வாசலில்.

●

அந்த உயரத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் வீழ்ச்சியின் வேகம் புரியாது.

கொலை நடப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன், 1944 தீபாவளிக்கு வெளியானது 'ஹரிதாஸ்'. சுந்தர் ராவ் நட்கர்னி இயக்கம். பாபநாசம் சிவன் பாடல்கள். எம்.கே.தியாகராஜ பாகவதர் கதாநாயகன். டி.ஆர்.ராஜகுமாரி, என்.சி.வசந்தகோகிலம், கூடவே என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம் ஜோடி. பெற்றோரைத் தெருவில் விட்டு, தாசி மயக்கத்தில் சொத்தை இழந்து, கால்களையும் இழந்து, பிறகு மனம் திருந்துகிறவனின் கதை. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது.

பாகவதரை வெறும் 'அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார்' என்று சொல்லிக் கடந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் செய்த காரியம் அதைவிடப் பெரியது. அதுவரை கச்சேரி மேடைக்கு முன்னால் உட்கார இடம் கிடைக்காதவன், சபா படியேறிப் பழக்கமில்லாதவன், காம்போதியையும் செஞ்சுருட்டியையும் பெயர் தெரியாமலே வாய்விட்டுப் பாடினான். 1934இல் 'பவளக்கொடி'யில் தொடங்கி, 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி' என்று பத்தே ஆண்டுகளில் ராகங்களைக் கிராமபோன் தட்டு வழியாக வயல்வெளிக்குக் கொண்டுபோனவர் அவர். சிவனின் எளிய தமிழும், மேல் ஸ்தாயியில் சிரமமில்லாமல் நின்று விளையாடும் அந்தக் குரலும் சேர்ந்தபோது, சங்கீதம் யாருடைய சொத்து என்ற கேள்விக்கு ஜனங்களே பதில் சொல்லிவிட்டார்கள். 1943இல் தமிழிசைச் சங்கம் பிறந்து, தமிழில் பாடலாமா என்று பண்டிதர்கள் மோதிக்கொண்டிருந்தபோது, டீக்கடைகளில் அந்தச் சண்டை தீர்ந்தே போயிருந்தது. அவரைப் போலப் பின்னால் நீள வளர்த்த தலைமுடிக்கு 'பாகவதர் கிராப்' என்றே பெயர்.

என்.எஸ்.கே. வேறு வகை. நாகர்கோவில் ஒழுகினசேரியிலிருந்து வந்தவர். யாரையும் புண்படுத்தாமல் சிரிக்க வைத்தார்; சிரிக்க வைத்த கையோடு யோசிக்கவும் வைத்தார். மூடநம்பிக்கையும் போலி ஆசாரமும் அவர் வாயில் அகப்பட்டு நொறுங்கின. மதுரத்தோடு அவர் தோன்றும் காட்சிகளைத் தனியாக எடுத்து வேறு படங்களில் சேர்த்து ஓட்டும் அளவுக்கு அவருக்கு மார்க்கெட் இருந்தது.

ஒருவர் பாட்டு, ஒருவர் சிரிப்பு. தமிழ் சினிமா அன்று இந்த இரண்டு கால்களில்தான் நின்றது. இரண்டையும் ஒரே வழக்கு வெட்டியது.

●

லட்சுமிகாந்தன் எப்படி வளர்ந்தார் என்பதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். போலி ஆவண வழக்கில் தண்டனை, சிறையிலிருந்து தப்பும் முயற்சி, அந்தமான், போர் தந்த விடுதலை, பிறகு சென்னையில் 'சினிமா தூது' பத்திரிகை. அந்த வளர்ச்சிக்கு மண் போட்டு நீர் ஊற்றியது யார் என்ற கேள்வியைத்தான் வரலாற்று ஆசிரியர்கள் போதுமான அளவு கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து அரசியலைப் பாருங்கள். 1939இல் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்த பிறகு மதராஸ் மாகாணத்தில் கவர்னர் ஆட்சி. சட்டசபை கிடையாது. 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' என்றதும் காங்கிரஸ் தலைவர்கள் கூண்டோடு சிறைக்குப் போனார்கள். போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை. இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்ற பெயரில் எந்தப் பத்திரிகையின் கழுத்தையும் நெரிக்கலாம். காகிதத்துக்குக் கட்டுப்பாடு. படச்சுருளுக்குக்கூட அளவு: முன்பு 15,000 அடியைச் சாதாரணமாகத் தாண்டிய தமிழ்ப் படங்கள், 11,000 அடிக்குள் அடங்க வேண்டும் என்று உத்தரவு. 1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டுக்குப் பயந்து சென்னை நகரமே வெறிச்சோடியது.

நாட்டில் எது முக்கியமோ அதை எழுத முடியாத காலம். ஒரு கலெக்டரைப் பற்றி எழுதினால் பத்திரிகை போய்விடும். ஒரு நடிகையின் வீட்டு வாசலில் யார் கார் நின்றது என்று எழுதினால் பத்திரிகை விற்றுத் தீரும். அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் பேனாவுக்கு விலங்கு மாட்டி, மனிதர்களின் மானத்தைக் கிழிக்கும் பேனாவுக்குச் சுதந்திரம் கொடுத்த ஓர் ஆட்சியில்தான் மஞ்சள் தாள் செழித்தது. இது லட்சுமிகாந்தன் காலத்தோடு முடிந்த விஷயமும் இல்லை. அரசியல் பத்திரிகை எப்போதெல்லாம் வாய் மூடுகிறதோ, அப்போதெல்லாம் கிசுகிசு வாய் திறக்கும். ஆட்சியாளர்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதே காலத்தில் கறாரான விமர்சனமும் இருந்தது. 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய சங்கீத விமர்சனங்களுக்குப் பயப்படாத வித்வான்கள் இல்லை. ஆனால் கல்கி விமர்சித்தது மேடையில் பாடியதை. பாட்டு எல்லார் காதிலும் விழுந்தது. அவர் சொன்னது சரியா தப்பா என்று கேட்டவர்களே தீர்மானித்தார்கள். லட்சுமிகாந்தன் விற்றது யாரும் சரிபார்க்க முடியாத சரக்கு. எழுதி விற்றதைவிட, எழுதாமல் இருக்க வாங்கியதுதான் தொழில் என்று திரையுலகில் பேச்சு. இரண்டையும் 'பத்திரிகைச் சுதந்திரம்' என்ற ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பது கல்கிக்குச் செய்யும் அவமரியாதை.

●

இனி நம் கதையின் திருப்புமுனைக்கு வருவோம். கத்தி பாய்வதற்குச் சில மாதங்கள் முன்பு, மூன்று பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள்.

பாகவதர். என்.எஸ்.கே. மூன்றாவது, கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு, முந்தைய ஆண்டு 'சிவகவி'யில் பாகவதரோடு வேலை செய்தவர். மனு போனது கவர்னர் ஆர்தர் ஹோப்புக்கு. 'சினிமா தூது' பத்திரிகையின் அனுமதியை ரத்து செய்யுங்கள் என்பது கோரிக்கை. கவர்னர் ஒப்புக்கொண்டார். பத்திரிகை நின்றது.

வெற்றிதானே? அன்று அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இந்த வழக்கின் முழு வரலாற்றிலும் மிகப் பெரிய தவறு அந்த மனு என்பதுதான் என் தீர்மானமான கருத்து.

காரணம் சொல்கிறேன். 1860இல் வந்து அன்று அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தை எடுத்து 383ஆம் பிரிவைப் பாருங்கள். மிரட்டிப் பணம் பறித்தல் என்றால் என்ன என்று விளக்கிய பிறகு, சட்டம் உதாரணங்கள் தந்தது. முதல் உதாரணமே இதுதான்: பணம் தராவிட்டால் உன்னைப் பற்றி அவதூறு வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டிப் பணம் வாங்குகிறான், அவன் செய்தது குற்றம். லட்சுமிகாந்தன் பத்திரிகை தொடங்குவதற்கு எண்பது ஆண்டுகள் முன்பே, அவர் மேல் சொல்லப்பட்ட குற்றம் சட்டப் புத்தகத்தில் முதல் உதாரணமாக அச்சாகி இருந்தது. அவதூறுக்கு 499, 500 பிரிவுகள் தனியே இருந்தன.

அந்தக் கதவை ஏன் யாரும் தட்டவில்லை? கோர்ட்டுக்குப் போனால் கூண்டில் ஏற வேண்டும். எழுதியது பொய் என்று சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். அந்தக் கேள்வி பதில்கள் மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வரும். அவதூறு வழக்குப் போட்டவரின் மானம்தான் முதலில் சந்தி சிரிக்கும். இந்தப் பயம் நியாயமானது. அதற்காக நட்சத்திரங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். கோர்ட்டில் தோற்றிருந்தால் லட்சுமிகாந்தன் பொய்யர் என்று நிரூபணமாகியிருப்பார். கவர்னர் உத்தரவால் அடைக்கப்பட்டதால், 'உண்மையை எழுதினேன், பெரிய மனிதர்கள் சேர்ந்து வாயை அடைத்தார்கள்' என்று சொல்லும் வாய்ப்புக் கிடைத்தது. ஏற்கெனவே இருந்த 'இந்து நேசன்' என்ற பத்திரிகையைப் பிடித்தார். பெயர் மாறியது, சரக்கு மாறவில்லை. முன்பு பணத்துக்காக எழுதியவருக்கு இப்போது பகையும் சேர்ந்துகொண்டது. எழுத்தில் விஷம் இன்னும் கூடியது.

அதைவிட ஆபத்தான விளைவு ஒன்று யார் கண்ணிலும் படாமல் அரசாங்கக் கோப்பில் உறங்கிக்கொண்டிருந்தது. லட்சுமிகாந்தன் மேல் யாருக்கெல்லாம் கோபம் என்று நாளை ஒரு போலீஸ் அதிகாரி தேடினால், அவர் ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. மூன்று கையெழுத்துகள் தயாராக இருந்தன.

●

கதையை மேலே நகர்த்துவதற்கு முன், இந்த வழக்கைப் பற்றி எழுதுகிற எல்லோரும் தாண்டிப் போகிற ஓர் இடத்தில் நின்றே ஆக வேண்டும்.

மனுவில் கையெழுத்திட்ட மூவரும் ஆண்கள். புகழும் பணமும் கவர்னர் மாளிகை வரை செல்வாக்கும் உள்ளவர்கள். ஆனால் மஞ்சள் தாள் அதிகம் குதறியது பெண்களைத்தான். அன்றைய நடிகைகளில் பலர் நாடகக் கம்பெனிகளிலிருந்தும் இசைவேளாளர் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். சமூகம் அவர்களை ஏற்கெனவே ஒரு தினுசாகத்தான் பார்த்தது. அப்படிப்பட்ட ஒருத்தியைப் பற்றி எது எழுதினாலும் வாசகன் நம்பத் தயாராக இருந்தான். அவள் மறுத்தால் சிரிப்பான். அவள் வழக்குப் போட்டால் வேடிக்கை பார்க்க வருவான். கவர்னருக்கு மனுப் போட அவளுக்கு யார் இருந்தார்கள்?

ஒரு நடிகரைப் பற்றிக் கிசுகிசு வந்தால் அவர் 'மைனர்' ஆனார். அடுத்த படமும் ஓடியது. ஒரு நடிகையைப் பற்றி வந்தால் அவள் வாழ்க்கை போனது. பாகவதருக்கும் என்.எஸ்.கே.க்கும் நேர்ந்ததை எண்பது ஆண்டுகளாகப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாளால் அழிந்த பெண்கள் யார் யார் என்று ஒரு பட்டியல்கூட நம்மிடம் இல்லை. இன்று யூடியூபில் ஒரு நடிகையின் படத்தைப் போட்டு, மேலே சிவப்பு எழுத்தில் ஒரு பொய்யை எழுதி, கீழே விளம்பரக் காசு பார்க்கிறவர்கள் லட்சுமிகாந்தனின் நேர் வாரிசுகள். அதைத் தட்டிப் பார்க்கிற விரலுக்கும் அதில் பங்கு உண்டு. 'சும்மா பார்த்தேன்' என்பது சமாதானம் ஆகாது. 1944இலும் எல்லோரும் சும்மாதான் வாங்கினார்கள்.

●

டிசம்பர் மாதம். மார்கழிப் பனியோடு அந்தச் செய்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பாகவதர் கைது. என்.எஸ்.கே. கைது. ஸ்ரீராமுலு நாயுடுவும் கைது. கத்தியால் குத்தியதாக வேறு சிலர் பிடிபட்டிருந்தார்கள். அவர்களை ஏவிய சதியில் இந்த மூவருக்கும் பங்கு என்பது போலீஸ் தரப்பு.

ஜனங்கள் நம்பவில்லை. ஆனால் படித்தார்கள். கோர்ட்டுச் செய்தி வருகிற பத்திரிகைக்கு அடிபிடி. சாட்சி என்ன சொன்னார், எந்த ஓட்டலில் யார் சந்தித்தார்கள், யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்று ரயிலிலும் சந்தையிலும் அதே பேச்சு. லட்சுமிகாந்தன் உயிரோடு இருந்தபோது மறைத்து வாங்கிப் படித்த சங்கதிகள், இப்போது 'நீதிமன்றச் செய்தி' என்ற மரியாதையோடு வீட்டுத் திண்ணையில் உரக்க வாசிக்கப்பட்டன. கிசுகிசுக்கு எழுதுகிறவன்கூடத் தேவையில்லை. ஆசாமியைக் கொன்றாலும் அது சாகாது. கொலைகாரர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் செய்த வேலையின் பலன் இதுதான்: ஒரு சிறு பத்திரிகையின் அவதூறு மாகாணம் முழுமைக்கும் விநியோகமானது.

சென்னை வரைபடத்தில் ஓர் இடத்தைப் பாருங்கள். ஹைகோர்ட்டின் சிவப்புக் கட்டடம். எதிரே எஸ்பிளனேடு. அங்கிருந்து வடக்கே போகிற தெருதான் பிராட்வே. அந்தத் தெருவில் 'ஹரிதாஸ்' ஓடும் தியேட்டர். 1945 கோடையில் வழக்கு ஹைகோர்ட் செஷன்ஸுக்கு வந்தபோது, பகலில் பாகவதர் கூண்டில் நின்றார். மாலையில், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அவர் திரையில் ராஜகுமாரியைப் பார்த்துப் பாடினார். கொட்டகை நிறைந்தே இருந்தது. படத்தில் அவன் கால்களை இழந்து அழும் இடத்தில் ஜனங்கள் எந்த ஹரிதாஸுக்காகக் கண்ணைத் துடைத்தார்களோ, யார் கண்டது!

அந்தக் கூட்டத்தால் அவருக்கு டிக்கெட் வாங்க முடிந்தது. தீர்ப்பு வாங்கித் தர முடியவில்லை. அது வேறு ஒன்பது பேர் கையில் இருந்தது.

●

நீதிபதி மாக்கெட். எதிரே ஒன்பது ஜூரர்கள். எதிர்த்தரப்பில் பெரிய வக்கீல்கள், பம்பாயிலிருந்து கே.எம்.முன்ஷியே வந்திருந்தார். பின்னாளில் அரசியல் சாசன வரைவுக் குழுவில் இடம்பெறப் போகிற அதே முன்ஷி.

அரசுத் தரப்பின் முதுகெலும்பு ஒரு அப்ரூவர். கூடவே இருந்து பிறகு அரசுப் பக்கம் சாய்ந்து, மன்னிப்புப் பெற்றுச் சாட்சி சொன்னவர். இப்படிப்பட்ட சாட்சியைப் பற்றி அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டம் இரண்டு இடங்களில் பேசியது. ஓர் இடத்தில், கூட்டாளியின் சாட்சியை மட்டும் வைத்தே தண்டிக்கலாம், அது சட்ட விரோதம் ஆகாது என்றது. இன்னோர் இடத்தில், வேறு ஆதாரம் துணைக்கு இல்லாவிட்டால் கூட்டாளியின் பேச்சு நம்பத் தகுந்ததல்ல என்று கோர்ட்டு கருதலாம் என்றது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தச் சந்தில்தான் ஆயிரக்கணக்கான இந்தியர்களின் தலைவிதி தீர்மானமாகியிருக்கிறது. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஜூரிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீதிபதி. அவருடைய உரையில் ஒரு வாக்கியம் கூடினாலும் குறைந்தாலும் தராசு சாய்ந்துவிடும்.

நோக்கம் என்ன என்ற கேள்வி வந்தது. யாரையாவது கொல்ல ஏவுகிற அளவுக்கு இந்த மனிதர்களுக்கு என்ன கோபம்? பதில் பத்திரிகையிலேயே இருந்தது. லட்சுமிகாந்தன் எழுதியவை. உயிரோடு இருந்தபோது எந்தக் கோர்ட்டும் சோதித்துப் பார்க்காத அவருடைய எழுத்து, அவர் செத்த பிறகு அரசாங்கத்தின் ஆயுதமாகக் கோர்ட்டுக்குள் நுழைந்தது. நான் மேலே சொன்ன மனுவின் விபரீதம் இதுதான். அவதூறு வழக்குப் போட்டிருந்தால் அதே எழுத்தை எதிர்த்து பாகவதர் வாதியாக நின்றிருப்பார். போடாததால், அதே எழுத்தை வைத்து அவர் பிரதிவாதியாக நிற்க நேர்ந்தது. எழுதியவனைக் குறுக்கு விசாரணை செய்யவும் இனி வழியில்லை.

1945 மே 3. ஜூரிகள் தங்கள் அறைக்குப் போனார்கள்.

ஹைகோர்ட்டில் ஜூரி விசாரணைக்கு அன்று இருந்த விதி இது: ஒன்பது பேரும் ஒரே முடிவுக்கு வந்தால் அதுவே தீர்ப்பு. ஒருமனதாக இல்லாவிட்டால், குறைந்தது ஆறு பேராவது ஒரே கருத்தில் இருந்து, நீதிபதியும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்துக்கு நான்கு என்று பிரிந்தால் அதை வைத்துத் தண்டிக்க முடியாது.

கதவு திறந்தது.

ஸ்ரீராமுலு நாயுடு குற்றவாளி அல்ல. அவர் கூண்டிலிருந்து இறங்கிக் கோவைக்குத் திரும்பலாம்.

பாகவதரும் என்.எஸ்.கே.யும் குற்றவாளிகள். ஆறு பேர் அப்படிச் சொன்னார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள்.

விதி கேட்ட குறைந்தபட்ச எண்ணிக்கை சரியாகக் கிடைத்துவிட்டது. அந்த ஆறு பேரில் ஒருவர், ஒரே ஒருவர், மனம் மாறியிருந்தால் அன்று அந்தத் தண்டனை கிடையாது. நீதிபதி ஜூரியோடு உடன்பட்டார். தீவாந்தர தண்டனை. ஆயுள் முழுக்க.

இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. மூன்று பேர் சந்தேகப்பட்ட ஒரு வழக்கு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்ட வழக்கு ஆகுமா? சட்டம் ஆகும் என்றது. சட்டம் சொன்னதாலேயே அது நியாயமாகிவிடாது.

●

அடுத்து நடந்தவை வேகமாக நடந்தன. ஒப்பந்தமாகியிருந்த படங்கள் கைநழுவின. முதலாளிகள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சேர்த்து வைத்திருந்த பணமெல்லாம் வழக்குக்கே கரைந்தது. பாகவதர் இல்லாத திரையில் புது முகங்கள் வந்தன. பாட்டைவிட வசனம் பெரிதாகப் போகிற ஒரு காலம் மெல்ல எட்டிப் பார்த்தது.

என்.எஸ்.கே.யின் மனைவி மதுரம் உடைந்துபோய் உட்காரவில்லை. வீட்டில் அழுதிருப்பார், வெளியே வந்து வேலை பார்த்தார். கணவர் பெயரிலேயே நாடக சபையை நடத்தினார். நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமம் தோள் கொடுத்தார். மேடையில் சிரிக்க வைத்துச் சம்பாதித்த ஒவ்வொரு ரூபாயும் வக்கீல் கட்டணமாகப் போனது. இந்த வழக்கில் யாருடைய துணிச்சலையாவது நாம் படமாக எடுக்க வேண்டுமானால், முதலில் அந்த அம்மாளுடையதை எடுக்க வேண்டும்.

மேல்முறையீடு. தலைமை நீதிபதி லீச் அடங்கிய அமர்வு கேட்டது. 1945 அக்டோபர் இறுதியில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு தள்ளுபடி. தண்டனை உறுதி. 'ஹரிதாஸ்' பிராட்வேயில் இரண்டாவது தீபாவளியை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

இந்தியாவுக்குள் இருந்த கதவுகள் எல்லாம் சாத்தியாகிவிட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று: லண்டன், டௌனிங் தெரு, பிரிவி கவுன்சில். அங்கே போக மூட்டை கட்டிக்கொண்டு இவர்கள் கப்பலேற முடியாது. காகிதங்கள்தான் போகும். பாகவதர் பாடியதை ஒரு முறைகூடக் கேட்டிராத, என்.எஸ்.கே. பேச்சில் ஒரு வார்த்தைகூடப் புரியாத சில ஆங்கிலேய நீதிபதிகள், அச்சடித்த பக்கங்களை மட்டும் படித்துவிட்டு முடிவு சொல்வார்கள். ரசிகர்களின் கண்ணீரும் எதிரிகளின் கிசுகிசுவும் எட்டாத அறை அது. ஒரு வகையில், இந்த வழக்கைச் சினிமா இல்லாமல் பார்க்கப் போகிற முதல் அறை.

வாதாட ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். பெயர் டி.என்.பிரிட். பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர். ஏகாதிபத்தியத்துக்கு எதிராகப் பேசத் தயங்காதவர். ஆனால் அவர் பெயரை இந்தியர்கள் அதற்கு முன்பே ஒரு முறை கேட்டிருந்தார்கள். 1931இல் லாகூர் சிறையிலிருந்து ஓர் இளைஞனின் உயிரைக் காப்பாற்றச் சொல்லி, இதே பிரிவி கவுன்சில் முன் நின்று வாதாடியவர் அவர். அந்த மனு தள்ளுபடியானது. சில வாரங்களில் அந்த இளைஞன் தூக்கிலிடப்பட்டான்.

அவன் பெயர் பகத் சிங்.

அதே பிரிட், இப்போது தமிழ்நாட்டின் பாட்டையும் சிரிப்பையும் கட்டுக் காகிதமாகக் கையில் எடுத்துக்கொண்டு, அதே பிரிவி கவுன்சில் முன் எழுந்து நின்றார்.

(தொடரும்)